கையில் காசு, வாயில் தோசை: யாருக்கு?

ஐரோப்பிய யூனியன், பிரிட்டன், ஸ்விட்சர்லாந்து ஆகியவற்றின் பங்கு மார்க்கெட்டுகள் 2027-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி ஒரு புதிய முறைக்கு மாறுவதென்று நாள் குறித்திருக்கின்றன. பங்கை விற்றவருக்கு மறுநாளே பணம் வந்துவிட வேண்டும். வாங்கியவருக்கு மறுநாளே பங்கு வந்துவிட வேண்டும் என்பதே அந்த முறை. அங்கே வழக்கம் இரண்டு நாள். அமெரிக்கா 2024 மே 28-ந் தேதி மறுநாள் முறைக்கு வந்துவிட்டது. கனடாவும் மெக்சிகோவும் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டன. இந்தியாவோ இவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு 2023 ஜனவரி 27-ந் தேதியே மாற்றத்தை முடித்துவிட்டது.

பைசல் நாட்களைக் குறைப்பது என்று இதைச் சொல்லுகிறார்கள். "இது பணமூட்டைக்காரர்களின் விவகாரம். கூலிக்காரனுக்கும் குமாஸ்தாவுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நிறையவே இருக்கிறது என்பது நமது பதில். தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டுப் பணத்தில் ஒரு பகுதி 2015 ஆகஸ்டு முதல் பங்கு மார்க்கெட்டில் போடப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் நடக்கும் பங்கு வியாபாரத்தின் கணக்கைச் சரிபார்க்க சென்னையில் நம் வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, கொடுக்க வேண்டிய பணத்தை எப்போது கொடுப்பது என்பதை இந்த உலகத்தில் யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பைசல் என்பது என்ன?

"கையில் காசு, வாயில் தோசை" என்று நம் நாட்டில் சொல்வார்கள். காசு கொடுத்தால் உடனே பண்டம் கைக்கு வரும். கடனும் இல்லை, தவணையும் இல்லை, நம்பிக்கை மோசமும் இல்லை. ஏழைகளின் வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

பங்கு மார்க்கெட்டில் அப்படியல்ல. இன்று விலை பேசி முடிப்பார்கள். பணமும் பங்கும் கைமாறுவது பின்னொரு நாளில். பேசி முடித்த நாளுக்கும் கைமாறும் நாளுக்கும் நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். விலை சரியலாம், வாங்கியவர் திவாலாகலாம், விற்றவரிடம் பங்கே இல்லாமலும் போகலாம். அதனால் 'கிளியரிங் ஹவுஸ்' என்ற ஸ்தாபனம் இருவருக்கும் நடுவே நின்று, இரு தரப்புத் தரகர்களிடமும் ஜாமீன் பணம் வாங்கி வைத்துக்கொள்கிறது. இடைப்பட்ட நாட்கள் கூடினால் அபாயம் கூடும். ஜாமீன் பணமும் கூடும். நாட்கள் குறைந்தால் இரண்டும் குறையும். இதுதான் விஷயத்தின் சாரம்.

அப்படியானால் இத்தனை காலம் ஏன் குறைக்கவில்லை? "இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, இப்போதுதான் முடிகிறது" என்று பதில் சொல்லுகிறார்கள். இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சரித்திரத்தில் தேட வேண்டும்.

நூறாண்டு சுற்றி வந்த கதை

1920-களில் நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் மறுநாளே பைசல் நடந்தது. அப்போது கம்ப்யூட்டர் ஏது? பங்கு என்றால் காகிதப் பத்திரம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்கு ஆள் ஓட வேண்டும். அப்படி ஓடியும் மறுநாளே பைசலாயிற்று. பிறகு வியாபாரம் பெருகப் பெருக நாட்களும் நீண்டு, 1960-களின் இறுதியில் ஐந்து நாள் என்றாயிற்று.

அந்த ஐந்து நாளும் போதவில்லை. 1965-ல் நியூயார்க் மார்க்கெட்டில் நாளொன்றுக்குச் சராசரி 60 லட்சம் பங்குகள் கைமாறின. 1968-ல் அது இரு மடங்கைத் தாண்டிவிட்டது. தரகுக் கம்பெனிகள் ஆசாமிகளைப் பிடித்துவரும் ஏஜெண்டுகளைக் கும்பல் கும்பலாக வேலைக்கு வைத்தன. பின்கட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்குச் செலவழிக்க மட்டும் மனம் வரவில்லை. முடிவு என்ன? பத்திரங்கள் மலைபோல் குவிந்தன, காணாமல் போயின, திருட்டுப் போயின. 1968 ஜூன் முதல் டிசம்பர் வரை, தேங்கிய காகிதத்தைத் தீர்ப்பதற்காகவே, உலகத்தின் மிகப் பெரிய பங்கு மார்க்கெட் புதன்கிழமைதோறும் கதவை மூட வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் 400 கோடி டாலருக்கு மேற்பட்ட வியாபாரம் உரிய நாளில் பைசலாகாமல் கிடந்தது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் தரகுக் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன; விழாதவை மற்றவற்றுடன் சேர்ந்து பிழைத்தன.

அதன் பிறகுதான் 1970-ல் வாடிக்கையாளர் பணத்தைக் காக்க ஒரு சட்டம் வந்தது. 1973-ல் பத்திரங்களை ஒரே இடத்தில் வைத்து ஏட்டிலேயே பெயர் மாற்றும் மத்திய டெபாசிட்டரி வந்தது. ஐந்து நாள் 1995-ல் மூன்று நாளாயிற்று. 2017-ல் இரண்டு நாள். 2024-ல் ஒரு நாள். ஓட்டமாக ஓடிய பையன்களின் கால்களால் 1920-களில் முடிந்த காரியத்துக்கு, மின்சார வேகத்தில் கணக்குப் போடும் இயந்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வர நூறாண்டு ஆகியிருக்கிறது!

1920-களைவிட இன்று வியாபாரம் பல மடங்கு பெரியது என்பது வாஸ்தவம். ஆனால் இயந்திரங்களும் பல மடங்கு பெரியவைதானே? தாமதத்துக்கு இயந்திரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தாமதத்தால் ஆதாயம் அடைந்தவர்கள் இருந்தார்கள். நம் நாட்டுச் சரித்திரம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.

பம்பாயில் நடந்தது

லண்டனில் 1994 வரை இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கணக்குத் தீர்க்கும் வழக்கம் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் வாங்கி விற்றுவிட்டால், ஒரு பைசா முதல் போடாமலே லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். பம்பாய்த் தரகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பணம் கட்ட வேண்டிய நாள் வந்தாலும் கட்ட வேண்டாம். ஒரு வட்டியைக் கொடுத்து அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கலாம். அந்தத் தவணையும் வந்தால், மீண்டும் தள்ளலாம். இந்த வட்டிக்குக் கடன் கொடுக்கவே ஒரு லேவாதேவிக் கூட்டம் இருந்தது. இதற்கு 'பத்லா' என்று பெயர்.

1992-ல் வெடித்த ஊழலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாங்குகள் தங்களுக்குள் சர்க்கார் கடன் பத்திரங்களை விற்று வாங்கும்போது நடுவில் தரகர்கள் நின்றார்கள். பாங்குக்குப் போக வேண்டிய செக்குகள் தரகரின் கணக்கில் போய் விழுந்தன. பத்திரத்துக்குப் பதிலாக 'பாங்கு ரசீது' என்ற துண்டுக் காகிதம் கைமாறியது. சில ரசீதுகளுக்குப் பின்னால் பத்திரமே இல்லை. பைசலாகாமல் கிடந்த இந்த இடைவெளியில்தான் ஹர்ஷத் மேத்தா போன்ற தரகர்கள் பாங்குப் பணத்தைத் திருப்பிப் பங்கு மார்க்கெட்டில் கொட்டி விலைகளை வானத்துக்கு ஏற்றினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ரிசர்வ் பாங்கு நியமித்த ஜானகிராமன் கமிட்டி இதில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியிருப்பதாகக் கணக்கிட்டது.

படிப்பினை கற்றார்களா? 1993 டிசம்பரில் பத்லாவுக்குத் தடை விதித்தார்கள். தரகர்கள் "மார்க்கெட் செத்துவிடும்" என்று ஓலமிட்டார்கள். 1996-ல், சில திருத்தங்களோடு, பத்லா திரும்பி வந்தது. 2001 மார்ச்சில் கேதன் பரேக்கின் சூதாட்டம் சரிந்தபோது, கல்கத்தா பங்கு மார்க்கெட்டில் தரகர்கள் அடுத்தடுத்த தவணைகளில் பணம் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். தரகர்களுக்குக் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்திருந்த அகமதாபாதின் மாதவ்புரா கூட்டுறவு பாங்கு கவிழ்ந்தது. அந்த பாங்கில் சிறுகச் சிறுகச் சேமித்து வைத்திருந்த சாதாரண மக்களின் பணம் முடங்கியது. 2012-ல் அதன் லைசென்சே ரத்தாயிற்று.

இவ்வளவு நாசத்துக்குப் பிறகு, 2001 ஜூலை 2-ந் தேதி பத்லா ஒழிந்தது. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். ஐந்து நாள் பைசல் வந்தது. 2002 ஏப்ரல் 1-ந் தேதி மூன்று நாள். 2003 ஏப்ரல் 1-ந் தேதி இரண்டு நாள். பல தலைமுறைகளாக "முடியாது, முடியாது" என்று சொல்லப்பட்டது இருபத்தொரு மாதத்தில் முடிந்துவிட்டது. 'டிமாட்' என்ற ஏட்டுப் பங்கு முறைக்கு 1996-லேயே சட்டம் வந்துவிட்டதே! இயந்திரம் தயாராகத்தான் இருந்தது. தயாராக இல்லாதது தரகு வர்க்கத்தின் மனம். நாட்டின் முதுகில் இரண்டு அடி விழுந்த பிறகுதான் சர்க்காருக்கு அந்த வர்க்கத்தை மீறும் துணிவு வந்தது.

2021 செப்டம்பரில் செபி ஒரு நாள் பைசலுக்கு வழி திறந்தபோதும் எதிர்ப்பு வந்தது. இம்முறை எதிர்த்தவை அந்நிய முதலீட்டு நிறுவனங்களின் சங்கங்கள். தங்கள் நாட்டு நேரம் வேறு, டாலரை ரூபாயாக மாற்ற அவகாசம் போதாது என்று அவை வாதாடின. 2022 பிப்ரவரி 25-ந் தேதி சிறிய கம்பெனிகளின் பங்குகளில் தொடங்கி, பதினோரு மாதத்தில் எல்லாப் பங்குகளும் மறுநாள் பைசலுக்கு வந்துவிட்டன. ஆட்சேபித்தவர்கள் இன்று அதே முறைப்படிதான் இங்கே வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அந்நிய மூலதனத்தின் முகம் கோணினால் நாடே நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் ஒரு நாளோடு நிற்கிறார்கள்?

அமெரிக்காவில் இந்த மாற்றத்துக்கு வேகம் கொடுத்தது எது? 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் என்ற கம்பெனியின் பங்கு விலை தாறுமாறாக ஏறியது. ராபின்ஹூட் என்ற தரகுக் கம்பெனியின் மூலம் லட்சக்கணக்கான சிறு ஆட்கள் வாங்கிக் குவித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பைசல் என்பதால், ஜனவரி 28-ந் தேதி விடியுமுன் கிளியரிங் ஹவுஸ் அந்தக் கம்பெனியிடம் சுமார் 300 கோடி டாலர் ஜாமீன் கேட்டது. அவ்வளவு பணம் கையில் இல்லை. உடனே ராபின்ஹூட் என்ன செய்தது? அந்தப் பங்கை வாங்கும் பொத்தானையே தன் வாடிக்கையாளர்களுக்கு மூடிவிட்டது. விற்க மட்டும் அனுமதித்தது. விலை அன்றே சரிந்தது. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த வீரனின் பெயரை வைத்துக்கொண்ட கம்பெனி, நெருக்கடி வந்ததும் கதவடைத்தது சிறு ஆட்களின் முகத்தில்தான்.

தாமதம் பெரிய கம்பெனிகளின் கழுத்தையே இறுக்குகிறது என்று தெரிந்ததும் காரியங்கள் துரிதமாக நடந்தன. 2023 பிப்ரவரியில் விதி வந்தது. 2024 மேயில் அமலாயிற்று. கிளியரிங் ஹவுஸில் முடங்கிக் கிடந்த ஜாமீன் பணம் சராசரி 1,280 கோடி டாலரிலிருந்து 980 கோடி டாலராக, அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, குறைந்தது. 300 கோடி டாலர் தரகுக் கம்பெனிகளின் கைக்குத் திரும்பியது.

சரி, மறுநாளே முடியுமென்றால் அன்றைக்கே ஏன் முடியாது? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நாள் முழுவதும் நடக்கும் வாங்கலையும் விற்பனையையும் ஒன்றுக்கொன்று கழித்து, மிச்சத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்பது கிளியரிங் ஹவுஸின் ஏற்பாடு. அமெரிக்காவில் இப்படிக் கழித்ததில், கொடுக்க வேண்டிய தொகை சராசரி 98 சதவீதம் குறைந்துவிடுகிறது. நூறு டாலர் வியாபாரத்துக்கு இரண்டு டாலர் இருந்தால் போதும்! ஒவ்வொரு வியாபாரத்தையும் அப்போதைக்கப்போதே பைசல் செய்தால் இந்தக் கழிவு கிடையாது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொண்டுவந்து வைக்க வேண்டும். அப்போது பணம் இல்லாமல் வியாபாரம் செய்யும் வித்தை முடிந்துபோகும். இந்தியாவில் 2024 மார்ச் 28-ந் தேதி 25 கம்பெனிகளின் பங்குகளில், விரும்புகிறவர்களுக்கு மட்டும், அன்றே பைசல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. மறுநாள் பைசலைக் கட்டாயமாக்கியவர்கள் அன்றே பைசலை விருப்பத்துக்கு விட்டதன் காரணம் இப்போது விளங்கும்.

கழித்துக் கணக்குப் பார்ப்பதே மோசடி என்று நாம் சொல்லவில்லை. அதில் சிக்கனமும் உண்டு. எந்த இடத்தில் கோடு போடுவது என்பதை நிர்ணயிப்பது பெரிய பணத்தின் சௌகரியம் என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம்.

இரவின் விலை

ஒரு நாள் குறைந்ததே, அந்த நாளின் வேலை எங்கே போயிற்று? அது மாயமாக மறைந்துவிடவில்லை. மனிதர்களின் இரவுக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்க மார்க்கெட் மாலை 4 மணிக்கு மூடுகிறது. கோடைகாலக் கணக்குப்படி நம் நாட்டில் அப்போது இரவு ஒன்றரை மணி. அன்று வாங்கியதையும் விற்றதையும் பண்டுக் கம்பெனி, தரகர், பத்திரங்களைக் காக்கும் பாங்கு ஆகிய மூவரும் ஒப்பிட்டு, எண்ணும் பெயரும் விலையும் சரிதான் என்று உறுதி செய்ய வேண்டும். பழைய முறையில் இதற்கு மறுநாள் பகல் 11.30 மணி வரை, நம் நேரப்படி மறுநாள் இரவு 9 மணி வரை, அவகாசம் இருந்தது. புதிய முறையில் அன்றிரவு 9 மணிக்குள், நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குள், முடிந்தாக வேண்டும். பதினாலரை மணி நேரம் ஒரே வீச்சில் பறிபோயிற்று. பிழை ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தேடிப் பிடித்துத் திருத்துவதும் அந்த நள்ளிரவிலேயேதான்.

இந்த வேலையின் பெரும்பகுதி நியூயார்க்கில் நடப்பதில்லை. சென்னை, பெங்களூர், ஐதராபாத், புனே, மணிலா, போலந்தின் கிராக்கோ போன்ற நகரங்களின் கண்ணாடிக் கட்டிடங்களில் நடக்கிறது. ஊர் உறங்கும் நேரத்தில் கம்பெனி வேனில் ஏறிப் போய், ஊர் விழிக்கும் நேரத்தில் வீடு திரும்பும் இளைஞர்களையும் பெண்களையும் சென்னைவாசிகள் அறிவார்கள். அவர்கள் கையில் கம்ப்யூட்டர் இருக்கலாம். கழுத்தில் அட்டை தொங்கலாம். ஆனால் உறக்கத்தை விற்றுப் பிழைக்கிற உழைப்பாளிதான் அவர்களும். 1968-ல் வால் ஸ்ட்ரீட் பின்கட்டுக் குமாஸ்தாவை எப்படி மறந்ததோ, அப்படியே இன்றும் மறக்கப் பார்க்கிறது. அப்போது அவர் அதே தெருவில் இருந்தார். இப்போது கடல் கடந்து இருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜாமீன் பணத்தில் 300 கோடி டாலர் விடுபட்டதைக் கணக்குப் போட்டு வெளியிட்டவர்கள், இந்த இரவுகளின் கணக்கை எங்கே வெளியிட்டார்கள்? 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்திய கடற்கரை சென்னையில்தான் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள இந்தக் கட்டிடங்களுக்குள் நுழையாமல் வாசலில் நிற்பதை ஏற்க முடியாது.

வேகம் வேறு, பத்திரம் வேறு

"நாள் குறைந்தால் சிறு முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு" என்ற கோஷத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். அதில் உண்மை உண்டு. விற்ற பணம் மறுநாளே வருமென்றால், மகளின் கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ விற்றவருக்கு அது நன்மையே. ஆனால் நாள் குறைந்தால் மட்டும் போதாது. நடுவில் நீளும் கையையும் விலக்க வேண்டும். கார்வி என்ற ஐதராபாத் தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை பாங்குகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியது வெளிப்பட்டு, 2019 நவம்பரில் செபி தடை விதித்தது. அப்போது பைசல் இரண்டே நாள்தான்; ஆனால் பங்குகள் தரகரின் கைக்குள் இருந்தன. வாங்கிய பங்கு தரகர் வழியாகச் சுற்றாமல் நேரே வாடிக்கையாளரின் கணக்குக்குப் போக வேண்டும் என்ற விதி அமலானது 2024 நவம்பரில்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. பங்கைக் கையில் வாங்காமலே அதன் விலை மேல் பந்தயம் கட்டும் 'பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்' வியாபாரத்தைப் பற்றி செபியே 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்றாண்டுகளில், அதில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் தங்கள் சொந்தக் கணக்கில் ஆடிய தரகு நிறுவனங்கள் 33,000 கோடி ரூபாயும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடி ரூபாயும், செலவு கழிக்குமுன், லாபம் அடித்தன. அதில் பெரும்பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆர்டர் போடும் கம்ப்யூட்டர் வியாபாரத்தின் மூலம். அடுத்த ஆண்டு, 2024-25-ல், தனிநபர்கள் மேலும் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள்.

இவ்வளவும் நடந்தது பைசல் நாட்கள் குறைந்துகொண்டே வந்த இதே காலத்தில் என்பது கவனிக்கத்தக்கது. சூதாட்ட மேஜையில் காசைச் சீக்கிரம் எண்ணிக் கொடுப்பதால் சூதாட்டம் சேமிப்பாகிவிடாது.

கூலிக்கு எத்தனை நாள்?

ஆகவே பைசல் நாட்களைக் குறைப்பதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. பிறர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் இடைவெளி குறைவது நல்லதே. தாமதம் இயற்கையின் விதி அல்ல, அது சிலருடைய ஏற்பாடு என்பதை இந்த மாற்றம் உலகத்துக்கே நிரூபித்திருக்கிறது. இந்த நிரூபணத்தை உழைக்கும் மக்கள் தங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

கரும்பை ஆலைக்குக் கொடுத்த விவசாயிக்கு 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி தர வேண்டும் என்பது 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு. பங்குக்கு ஒரு நாள்; கரும்புக்குப் பதினாலு நாள். அந்தப் பதினாலு நாளாவது ஒழுங்காக அமலாயிற்றா? பாக்கிக்காகத் தமிழ்நாட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் ஆலை வாசலிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் உட்கார வேண்டியிருந்ததே! கிராமப்புற வேலையுறுதிக்காக 2005-ல் வந்த சட்டம் 15 நாளில் கூலி என்று சொன்னது. அது மீறப்பட்டு, விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 15 நாளில் கூலி கொடுத்தே தீர வேண்டும் என்று 2018-ல் கோர்ட்டு இடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கு எழுதும் இயந்திரம் ஒன்றுதான். பணம் போகும் பாங்கும் ஒன்றுதான். மண் வெட்டிய கூலிக்கு மட்டும் ஏன் கண் தெரியவில்லை?

மாதச் சம்பளக்காரரின் நிலையையும் பாருங்கள். மாதம் முழுவதும் உழைப்பைக் கொடுத்துவிட்டு, மாதம் முடிந்த பிறகு கூலி வாங்குகிறார். அதாவது தொழிலாளி முதலாளிக்கு ஒரு மாத உழைப்பை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கிறார். பைசல் தவறினால் என்ன ஆகும் என்பதற்காக அவருக்கு ஜாமீன் யாரும் கொடுப்பதில்லை. கிளியரிங் ஹவுஸ் எதுவும் நடுவே நிற்பதில்லை. ஆலை மூடினால் பாக்கிச் சம்பளத்துக்கு அவர் கோர்ட்டுப் படியேற வேண்டும்.

ஆகவே நாம் கூறுகிறோம்:

பங்கு மார்க்கெட்டின் இரவு வேலையைச் சுமக்கும் ஊழியர்களுக்கு, குறைந்த நாளுக்கு ஈடாகக் கூடுதல் ஆட்கள் நியமிக்கப்பட வேண்டும். இரவு வேலைக்குத் தனிப் படி, அதிக நேரத்துக்கு இரட்டைக் கூலி, பத்திரமான போக்குவரத்து, சுழற்சி முறையில் பகல் வேலை, சங்கம் வைக்கும் உரிமை இவை அனைத்தும் வேண்டும். ஐரோப்பாவின் மாற்றம் 2027-ல் வரும்போது இன்னொரு கண்டத்தின் அவசரமும் இவர்கள் தலையில்தான் விழும். அதற்கு முன்பே பேச்சுவார்த்தை நடந்தாக வேண்டும்.

தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டுப் பணத்தை மார்க்கெட்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பணயம் வைப்பதை நிறுத்த வேண்டும். சிறு ஆட்களை விழுங்கும் பந்தய வியாபாரத்துக்கு உறுதியான கடிவாளம் போட வேண்டும்.

கூலி, கரும்புப் பணம், நெல் பணம் எதுவானாலும், பாக்கி வைப்பவர் மேல் சட்டத்தில் உள்ள வட்டி, கேட்காமலே தானாக ஏற வேண்டும். பங்கு மார்க்கெட்டில் தவறியவன் மேல் அன்றே அபராதம் விழுகிறதல்லவா? ஆலை முதலாளிக்கு மட்டும் அது ஏன் கூடாது?

குமாஸ்தாக்களின் சங்கங்களும், விவசாயிகளின் சங்கங்களும், பாங்கு ஊழியர்களும் இதை ஒரே பிரச்னையாகப் பார்க்க வேண்டும். இரவில் அந்நிய நாட்டுக் கணக்கைச் சரிபார்க்கும் மகனும், பகலில் கரும்புப் பாக்கிக்காக வாசலில் உட்காரும் தகப்பனும் ஒரே குடும்பத்தில் இருக்கக் கூடும். மகன் சரிபார்க்கும் பணம் மறுநாளே போய்ச் சேருகிறது. தகப்பனின் பணம் வந்து சேர எத்தனை நாள் என்று இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். "இயந்திரம் இல்லை, முடியாது" என்ற பழைய பதில் இனிமேல் செல்லாது.